பெரிய மீன் ஆழத்திலா? ஏரித் தூண்டிலின் ஒரு நம்பிக்கைக்கு மறுப்பு

ஏரியில் தூண்டில் போடுபவர் ஆழமான இடத்தையே தேடிப்போக வேண்டும், பெரிய மீன் ஆழத்தில்தான் கிடக்கும், கரையோரத்து மேட்டுத்தண்ணீரில் கெண்டைப்பொடியும் ஜிலேபிக்குஞ்சும் தவிர வேறொன்றும் அகப்படாது என்னும் கருத்து, ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம், தலைவாசல் வட்டாரங்களில் தொடங்கி நாமக்கல் வரையுள்ள சமவெளி முழுவதிலும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையைப்போல வழங்கிவருகிறது. மதகை ஒட்டிய கரைமேல் நின்றுகொண்டு, ஈயக்குண்டு கட்டிய நரம்பைக் கைக்கு எட்டிய மட்டும் தொலைவில் வீசுபவரே தேர்ந்தவர் என்று மதிக்கப்படுகிறார்; முழங்கால் நீரில் கோரைப்புல் ஓரமாகத் தவளை கோத்துப் போடுபவரோ பொழுதைக் கழிக்க வந்தவராகக் கருதப்படுகிறார். அண்மை ஆண்டுகளில் யூடியூப் வழியாக வந்து சேர்ந்த அமெரிக்க ‘பாஸ்’ மீன் பாடங்களும், படகில் ஆழமானியைப் பொருத்திக்கொண்டு நடுநீரை அலசும் காட்சிகளும் இந்த நம்பிக்கைக்கு அறிவியலின் சாயலையும் பூசிவிட்டன. சமவெளி ஏரிகளைப் பொறுத்தவரை இந்தக் கருத்து பெரும்பகுதி தவறானது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் செய்திகளும் கூர்ந்து பார்த்தால் அதற்கு எதிராகவே சாட்சி சொல்பவை.

வழக்குக்குள் நுழையுமுன் சொற்களின் எல்லையை வகுத்துக்கொள்வது நல்லது. இப்பகுதியின் ஏரி என்பது, சரிந்து செல்லும் நிலத்தில் ஓடிவரும் நீரை ஒரு பக்கம் மண்கரை எழுப்பி மறித்துத் தேக்கிய நீர்நிலை; ஆகவே அதன் ஆழம் பெரும்பாலோர் எண்ணுவதுபோல நடுவில் அமைவதில்லை, கரையை ஒட்டி, சிறப்பாக மதகின் முன்னால் அமைகிறது; அங்கிருந்து வரத்து வாய்க்கால் வந்து சேரும் மேல்பக்கத்தை நோக்கிப் போகப் போகத் தரை மெல்ல உயர்ந்து, நீர் இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று குறைந்து, கோரையும் சம்பும் சீமைக்கருவேலமும் மண்டிய விளிம்பில் முடிகிறது. இக்கட்டுரையில் மேட்டுத்தண்ணீர் என்பது இடுப்பளவுக்கு உட்பட்ட நீரையும், ஆழம் என்பது ஓர் ஆள் நின்றால் தலை மூழ்கும் நீரையும் குறிக்கும். வண்டலும் கிராவலும் அள்ளிய குழிகள் இந்த ஒழுங்கான சரிவை இடையிடையே குலைத்துவிட்டன. மேட்டுநீரில் நடந்துகொண்டிருப்பவரை எதிர்பாராமல் விழுங்கும் அந்தக் குழிகளால் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன என்பதால், புதிய ஏரியில் கால் வைப்பவர் உள்ளூராரிடம் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும்.

ஆழக் கொள்கையின் அயல்நாட்டு வேரை முதலில் பார்க்கலாம். ‘லார்ஜ்மவுத் பாஸ்’ எனப்படும் மீன் வட அமெரிக்க நன்னீர்களுக்கு உரியது. களைக்குள் பதுங்கியிருந்து இரைமேல் பாய்ந்து விழுங்கும் பழக்கத்தால், குடும்ப உறவு ஏதும் இல்லாவிட்டாலும், நம் ஏரிகளில் விரால் வகிக்கும் இடத்தை அங்கே அது வகிக்கிறது. அதைப் பிடிக்கும் கலையில் ஆழத்துக்கு முதலிடம் தந்தவர்களுள் வட கரோலினாவைச் சேர்ந்த எல்வுட் ‘பக்’ பெர்ரி முதன்மையானவர். 1940-களில் அவர் உருவாக்கிய உலோக லூரோடு சேர்ந்து பரவிய அவருடைய பாடம், மீன் ஆழநீரையே உறைவிடமாகக் கொண்டு குறிப்பிட்ட வேளைகளில் குறிப்பிட்ட வழிகளில் மேட்டை நோக்கி நகர்கிறது என்பதாகும். அந்த வேளையையும் வழியையும் கண்டறிவதே தூண்டில்காரரின் வேலை என்னும் பின்பாதி வழியிலேயே உதிர்ந்துவிட, உறைவிடம் ஆழம் என்னும் முன்பாதி மட்டும் கடல் கடந்து வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த முன்பாதிக்கும் அதற்குரிய மண்ணில் காரணம் இருந்தது. நீர் 4 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் மிகுந்த அடர்த்தி கொள்கிறது. அதனினும் குளிர்ந்த நீர் எடை குறைந்து மேலே மிதக்கிறது, உறைந்து பனிக்கட்டியானாலும் மேலேயே நிற்கிறது. ஆகையால் உறைபனி விழும் நாடுகளில் குளிர்கால ஏரியின் அடிநீரே அந்த ஏரியில் வெதுவெதுப்பான நீர். அங்கே மீன் கீழிறங்குவது குளிருக்கு அஞ்சி. கோடையில் நிலை தலைகீழாகி, மேல்நீர் சூடேறி இலேசாக மிதக்க, அடிநீர் குளிர்ந்தும் கனத்தும் தங்கிவிட, இரண்டுக்கும் இடையே வெப்பம் சட்டென்று மாறும் ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகிறது; வெப்பச்சரிவு அடுக்கு என்று அதைச் சொல்லலாம். அந்த அடுக்கை ஒட்டிய ஆழத்தில் குளிர்ச்சியும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் என்பதால் மீன் அங்கே திரள்வதும் உண்டு. ஆத்தூரில் மார்கழிப் பனியிலும் ஏரிநீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பனிக்கட்டியும் இல்லை, குளிருக்கு ஒளிய வேண்டிய தேவையும் இல்லை. காரணம் இல்லாத நிலத்தில் அந்தக் காரணத்தால் விளைந்த விதியை மட்டும் நட்டு வைப்பது, வேரை விட்டுவிட்டுக் கிளையை நடுவதற்கு ஒப்பாகும்.

வெப்ப நாட்டு ஏரியில் மீனை ஆள்வது குளிர் அன்று, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் நிறைவுநிலையில் ஒன்பது மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அந்த அளவு ஏழரை மில்லிகிராமாகச் சுருங்கிவிடுகிறது. அதே வெப்பத்தில் மீனின் உடல் விரைவாக இயங்கி மிகுதியான ஆக்சிஜனைக் கேட்கிறது. அதாவது இருப்பு குறையும்போதுதான் தேவை கூடுகிறது. இந்த இருப்பு எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு முடிவான கேள்வி. ஒரு பகுதி காற்று நீரைத் தொடும் மேற்பரப்பிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் பாசியிலிருந்தும் நீர்த்தாவரங்களிலிருந்தும் வருகிறது. இரண்டும் மேலேதான் நிகழ்கின்றன. வண்டல் கலங்கிய சமவெளி ஏரியில் வெளிச்சம் ஒரு மீட்டர் இறங்குவதே பெரிது. அதற்குக் கீழே ஆக்சிஜன் உண்டாவது நின்று, செலவாவது மட்டும் தொடர்கிறது, ஏனென்றால் மட்கும் இலைதழையும் சாணமும் பாசிச் சடலமும் அடியில் படிந்து, அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடுகின்றன. காற்று அசையாத கோடை நண்பகலில் மதகின் முன்னால் ஆள் மூழ்கும் ஆழத்தில் தூண்டில் முள்ளை அடித்தரையில் கிடத்துபவர், ஏரியிலேயே மூச்சு வாங்க முடியாத இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து இரை வைக்கிறார் என்பது கேலிக்காகச் சொல்லப்படுவது அன்று.

இரவில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்குவதாலும், காற்று வீசுவதாலும், ஆழம் குறைந்த வெப்ப நாட்டு ஏரிகளில் நீர் அடிக்கடி கலந்துவிடுகிறது என்பது மெய்தான்; குளிர்நாட்டு ஏரியைப்போல மாதக்கணக்கில் அடுக்குகள் பிரிந்து நிற்பதில்லை. ஆனால் அந்தக் கலப்பு ஆழக் கொள்கைக்குத் துணை செய்வதாகக் கொள்ள முடியாது, ஏனென்றால் கலந்த பிறகு ஆழநீர் மேல்நீருக்குச் சமமாகிறதேயன்றி அதனினும் மேம்படுவதில்லை. சில வேளைகளில் அடியில் கிடந்த கெட்ட நீரைக் கிளப்பி மேலே கொண்டுவந்து, மேகம் மூடிய நாளின் மறுவிடியலில் கட்லாவும் ரோகுவும் வாய் பிளந்து மேல்மட்டத்தில் தத்தளிக்கும் நிலைக்குத் தள்ளுகிறது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் எவரும் அந்தக் காட்சியை அறிவார். மூச்சு முட்டும்போது மீன் ஏறிவரும் திசை மேல்நோக்கியது.

ஆத்தூர்ப் பக்கத்துக்கு இதில் தனியான ஒரு துயரமும் உண்டு. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் சேகோ ஆலைகள் மலிந்த வட்டாரம் இது. மாவுச்சத்து நிறைந்த கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் நீர்நிலையில் கலக்கும்போது, அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வாரி விழுங்குகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில், இவ்வட்டாரத்தில் ஓடும் வசிஷ்ட நதியின் மணிவிழுந்தான் முதல் தியாகனூர் வரையிலான பகுதி மிகக் கடுமையான முதல் வகையில் இடம்பெற்றது. கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் கேட்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டும் பகுதிகளே அந்த வகையில் சேர்க்கப்பட்டவை. இத்தகைய கழிவு மெல்ல மெல்ல அடியிலேயே படியும் என்பதால், அது சேரும் மடுவிலும் தடுப்பணையிலும் ஆழம் என்பது மீனின் உறைவிடமாக இருப்பதற்கு மாறாக, மீன் விலகி ஓடும் இடமாகவே இருக்கும்.

இனி விராலுக்கு வரலாம். ஏனென்றால் இப்பகுதித் தூண்டில்காரர் பெரிய மீன் என்னும்போது பெரும்பாலும் நெஞ்சில் நிறுத்துவது விராலைத்தான். விரால் செவுளை மட்டும் நம்பி வாழ முடியாத மீன். செவுளுக்கு மேலே தலைக்குள் அமைந்த காற்றறையில் வெளிக்காற்றை நிரப்பிக்கொள்வதற்காக அது திரும்பத் திரும்ப மேலே வந்து போகிறது, வர விடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடுகிறது. இப்படிப்பட்ட ஒரு மீனுக்கு ஆழம் என்பது ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டவேண்டிய சுங்கம். இதை அளந்து காட்டியவர்கள் தமிழ்நாட்டு அறிஞர்களே: மதுரையில் டி. ஜே. பாண்டியனும் இ. விவேகானந்தனும் 1970-களில் விரால் குஞ்சுகளை வெவ்வேறு ஆழத் தொட்டிகளில் வளர்த்து, அவை எத்தனை முறை மேலே வருகின்றன, அதற்காக எவ்வளவு தொலைவு நீந்துகின்றன, தின்ற தீனியில் எவ்வளவு சதையாகிறது என்பவற்றைக் கணக்கிட்டனர். ஆழம் கூடக் கூட நீந்தும் தொலைவும் அதற்கான செலவும் கூடி, தீனி சதையாகும் பங்கு குறைந்தது. காற்றைச் சுவாசிக்கும் மீன்களை ஆழம் குறைந்த நீரில் வளர்ப்பதே ஆதாயம் என்னும் முடிவுக்கு அந்த ஆய்வு இட்டுச் சென்றது. தொட்டியின் சென்டிமீட்டர்களை ஏரியின் அடிகளாக அப்படியே பெருக்கிவிடக் கூடாது என்பதும், குஞ்சுக்கும் முதிர்ந்த விராலுக்கும் வலிமை வேறு என்பதும் ஏற்க வேண்டியவையே. ஆயினும் செலவின் திசை எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை, அந்தத் திசை ஆழக் கொள்கைக்கு நேர் எதிரானது.

மூச்சுக்கு அடுத்தது இரை. விரால் விரட்டிப் பிடிக்கும் மீன் அன்று, பதுங்கிப் பிடிப்பது. பதுங்க மறைப்பு வேண்டும், மறைப்பைத் தரும் கோரையும் அல்லியும் தாமரையும் மூழ்கிய கருவேல முள்ளும் வெளிச்சம் தரையைத் தொடும் மேட்டிலேயே வளர்கின்றன அல்லது நிற்கின்றன. அதன் இரையாகிய தவளை, தும்பி முட்டைப்புழு, அயிரை, கெண்டைப்பொடி, ஜிலேபிக்குஞ்சு யாவும் அங்கேயே இருக்கின்றன. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எந்த ஏரியிலும் ஒழிக்க முடியாதபடி பெருகிவிட்ட ஜிலேபி, மேட்டுநீரின் தரையில் தட்டுப்போல் குழி பறித்து முட்டையிடுகிறது. அந்தக் குழிகளைக் கண்ட இடத்தில் குஞ்சு உண்டு, குஞ்சு உண்டென்றால் அதைத் தின்ன வருபவையும் உண்டு. மேட்டில் பொடிமீன்தான் இருக்கும் என்று ஆழக் கொள்கையாளர் சொல்வது உண்மை. ஆனால் பொடிமீனைத் தின்று பெருத்த மீன் பொடிமீன் இல்லாத இடத்தில் எதை எதிர்பார்த்துக் கிடக்கும் என்னும் கேள்வியை அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்வதில்லை.

ஆழக் கொள்கைக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் வலிமையான சான்று, கோடை அறுவடை. சித்திரை, வைகாசியில் குத்தகைக்காரர் இழுவலை போடும்போது மதகுக் குழியிலிருந்து ஐந்து கிலோ, பத்துக் கிலோ கட்லாவும் கைத்தடிமன் விராலும் வருவதை ஊரே கண்டிருக்கிறது. பெரிய மீன் ஆழத்தில் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கப்படுகிறது. இந்தச் சான்றில் உள்ள ஓட்டை பெரியது. அந்த மாதத்தில் ஏரியின் நீர் முழுவதும் சுருங்கி அந்தக் குழியில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மீன் ஆழத்தைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல வேண்டுமானால் தேர்ந்தெடுக்க வேறொரு நீர் இருந்திருக்க வேண்டும். அந்தக் குழியிலும் வைகாசியில் நிற்பது பெரும்பாலும் இடுப்பளவு நீர்தான்; ஐப்பசியில் ஆழம் என்று பெயர் பெற்ற இடத்தை, வைகாசியில் மேடான பின்னும் அதே பெயரால் அழைப்பதால் விளையும் குழப்பம் இது. வலை போட்ட இடத்தில் கிடைத்த மீனைக் கொண்டு, வலையே போடாத இடத்தில் மீன் இல்லை என்று முடிவுகட்டுவது எந்த ஆய்விலும் செல்லாது. முள்ளும் கோரையும் மண்டிய மேட்டில் இழுவலை இழுபடாது, ஆகவே அங்கே எவரும் இழுப்பதில்லை, ஆகவே அங்கே மீன் இல்லை என்று கதை முடிகிறது.

அடுத்த சான்று தூண்டில்காரரின் சொந்த ஏமாற்றம்: மேட்டில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் கடிக்கவில்லை. இதுவும் மீனின் இருப்பிடத்தைக் காட்டவில்லை, மனிதனின் நடையைத்தான் காட்டுகிறது. இடுப்பளவு நீரில் நிற்கும் மீனுக்குக் கரையில் அதிரும் காலடி உடலின் இருபக்கமும் ஓடும் உணர்வரியில் உடனே படுகிறது. தலைக்கு மேல் விழும் நிழல் கொக்கையும் நீர்க்காகத்தையும் நினைவூட்டுகிறது. அது தூண்டில் விழுமுன்பே விலகிவிடுகிறது. ஆழநீரில் இருபதடி தள்ளி நிற்கும் மீனுக்கு அந்த அதிர்வும் நிழலும் எட்டுவதில்லை, அதனால் அங்கே கவனமின்றி நடப்பவருக்கும் ஏதோ ஒன்று மாட்டுகிறது. மேட்டுநீர் தூண்டில் அடக்கத்தைக் கேட்கிறது: விடியலிலோ பொழுதுசாயும் வேளையிலோ வெயிலுக்கு எதிர்முகமாக வந்து, கரையிலிருந்து பத்தடி பின்னால் நின்று, களையின் விளிம்புக்கு அப்பால் தவளை லூரை விழவைத்து, விளிம்பை ஒட்டி மெல்ல இழுத்துவர வேண்டும். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு நான்கு பேராகப் பேசிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்தவர்களுக்கு மேடு வெறுமையாகத் தோன்றினால், குற்றம் மேட்டினுடையது அன்று.

ஒரு மீன், ஒரு தூண்டில் என்னும் அளவைத் தாண்டி நீர்நிலை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் கணக்கு மாறுவதில்லை. கனடா நாட்டு மீனியல் அறிஞர் ரிச்சர்ட் ரைடர் 1965-இல், வட நாட்டு ஏரிகளின் மீன் விளைச்சலை மதிப்பிட ஓர் எளிய வாய்பாடு தந்தார். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைச் சராசரி ஆழத்தால் வகுப்பதே அது. வகுக்கும் எண்ணாக ஆழம் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: உப்பு சமமாக இருக்கையில் ஆழம் கூடினால் விளைச்சல் குறைகிறது. இந்திய நீர்த்தேக்கங்களைப் பற்றி வி. வி. சுகுணன் எழுதி 1995-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட நூலில், ஆயிரம் எக்டருக்கு உட்பட்ட சிறு நீர்த்தேக்கங்கள் எக்டருக்குச் சுமார் 50 கிலோவும், நடுத்தரமானவை 12 கிலோவை ஒட்டியும், பெரியவை 11 கிலோவை ஒட்டியும் மீன் தருவதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. சிறு நீர்த்தேக்கங்களில் குஞ்சு விடுவதும் பிடிப்பதும் எளிது என்பதும் இந்த வேறுபாட்டில் பங்கு கொள்கிறது, எல்லாவற்றையும் ஆழத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆயினும் பண்ணைக்குட்டை வெட்டுபவருக்கு மீன்வளத் துறையினர் ஐந்தாறு அடி நீர் நின்றால் போதும் என்றே சொல்லிவருகிறார்கள்; ஆழம் மீனைப் பெருக்கும் என்றால், மண்வெட்டும் இயந்திரம் கைவசம் உள்ள இந்தக் காலத்தில் குட்டைகள் கிணறுகளாகியிருக்கும்.

ஆழநீரின்மேல் தூண்டில் போட்டுப் பெரிய கட்லா பிடித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே இரண்டு வேறு செய்திகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன: ஓர் இடத்தில் நீர் எவ்வளவு ஆழம் என்பது ஒன்று, அந்த இடத்தில் மீன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது மற்றொன்று. மேல்நோக்கித் திறந்த வாயைக் கொண்ட கட்லா மேல்மட்டத்து நுண்ணுயிர்களை வடித்துத் தின்கிறது, ரோகு இடைநீரில் மேய்கிறது, மிர்கால் தரையைக் கிளறுகிறது. இந்த மூன்றையும் ஒரே குட்டையில் சேர்த்து வளர்ப்பதன் அடிப்படையே இந்தப் பாகுபாடுதான். மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் நீர் 120 அடி நிறைந்து நின்றாலும் கட்லாவுக்கு வேண்டியது அதன் மேல் சில அடிகளே. அங்கே தக்கை கட்டி இரையை மேல்மட்டத்தில் நிறுத்துபவரும் மேட்டுநீரில் தூண்டில் போடுபவரும் உண்மையில் ஒரே அடுக்கில்தான் மீன் பிடிக்கிறார்கள். ஆனைமடுவு, கரியகோவில் போன்ற மலையடி அணைகளுக்கும் இதுவே பொருந்தும்.

மறுப்பு நேர்மையானதாக இருக்க, ஆழத்துக்கு உரியதை ஆழத்துக்குத் தந்துவிட வேண்டும். கெளுத்தி இருட்டையும் அடித்தரையையும் விரும்பும் மீன். பகலில் அதைத் தேடுபவர் மதகுக் கல்லின் இடுக்கிலும் மடுவிலும் மண்புழுவையோ கோழிக்குடலையோ தரையில் கிடத்துவதே முறை. மிர்காலும் தரைமீன், ஜேடர்பாளையம், பரமத்திவேலூர்ப் பக்கத்துக் காவிரியில் ஓட்டம் குறைந்த மடுக்களில் அது கூடுவது இயல்பு. பங்குனி வெயிலில் முழங்கால் நீர் கைபொறுக்காத சூடு ஏறும் பிற்பகலில், விராலும் களைநிழலை விட்டு இரண்டடி இறங்கும். எனினும் இந்த விலக்குகளிலும் ஆழம் தானாக மீனை ஈர்க்கவில்லை; இருட்டும் தரைத்தீனியும் குளிர்ச்சியும் ஈர்க்கின்றன, அவை அந்த வேளையில் ஆழத்தில் அமைந்திருக்கின்றன. சரிவு முறியும் இடம், அதாவது மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் வரப்பு, பல வேளைகளில் நல்ல இடமாக இருப்பதற்கும் காரணம் இதுவே: ஓரடி நகர்ந்தால் இரை, ஓரடி விலகினால் மறைவு.

வசிஷ்ட நதி சுவேத நதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில், ‘பாஸ்’ என்று உலகம் அழைக்கும் மீன்களுள் தமிழகத்துக்கு உரியதாகிய கொடுவா வாழ்கிறது. ஆழக் கொள்கையைச் சோதிக்க அதனினும் பொருத்தமான மீன் கிடைப்பது அரிது, ஏனென்றால் கண்ணெட்டும் தொலைவில் கடலே இருக்க, ஆழம் தேவையென்றால் அதற்குக் குறைவே இல்லை. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். முட்டையிட உப்பு மிகுந்த முகத்துவார நீரை நாடினாலும், குஞ்சுப் பருவத்தை உப்பங்கழியிலும் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டு வாய்க்கால்களிலும் கழிக்கிறது. வளர்ந்த கொடுவாவும் ஓதம் ஏறும்போது இறாலையும் மடவையையும் பின்தொடர்ந்து வேர்க்கால்களுக்கு இடையே மேட்டுக்கு வருகிறது, நீர் வடியும்போது வாய்க்கால் வாயில் காத்துக் கிடக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்த பிறகு அது உவர்நீர்க் குட்டைகளிலும் வளர்க்கப்படுகிறது. கழியில் தூண்டில் போடும் மீனவர் ஆழத்தைப் பார்ப்பதில்லை, ஓதத்தின் வேளையைப் பார்க்கிறார். ஏரிக்கரையில் நிற்பவரும் அதுபோல வேளையைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் ஆழத்தைப் பற்றிய கேள்வியே பாதி கரைந்துவிடும்.

ஏரியின் நாட்காட்டி அதற்குப் போதுமான குறிப்புகளைத் தருகிறது. வடகிழக்குப் பருவமழையில் வரத்து வாய்க்கால் பாயத் தொடங்கியதும், கோடை முழுவதும் காய்ந்து புல் முளைத்த தரை புதுநீரில் மூழ்குகிறது. புழுவும் பூச்சியும் மண்புழுவும் மிதந்துவர, மீன் அனைத்தும் அந்தப் புதுநீரை எதிர்த்து மேல்பக்கத்து மேட்டுக்கு ஏறுகிறது. அந்த மாதங்களில் மதகுக் கரையில் காத்திருப்பவர் மீன் விட்டுப்போன வீட்டின் வாசலில் நிற்கிறார். தையிலும் மாசியிலும் நீர் தெளிந்து களை படர்ந்ததும் விரால் களையின் விளிம்பைப் பிடிக்கிறது. நீர் வற்ற வற்ற அந்த விளிம்பு கரையை நோக்கி நகர, மீனும் அதனோடு நகர்கிறது. நீர் அறவே வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை உயிர் பிடித்துக் கிடக்கவும் வல்லது.

மேட்டுநீரை அறிந்தவருக்கு ஒரு கடமையும் உண்டு. மழைக்காலத்தில் களைகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு நீர் செந்நிறமாகக் கொப்பளிப்பதுபோல் தோன்றினால், அது விராலின் குஞ்சுக்கூட்டம்; அதன் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் அவை முன்னால் விழும் எதையும் கவ்வும், ஆனால் பசிக்காக அன்று, குஞ்சைக் காக்க. அதனால்தான் அந்த வேளையில் அவற்றைப் பிடிப்பது மிக எளிது. பெற்ற மீனைத் தூக்கிவிட்டால் ஜிலேபியும் கெண்டையும் தண்ணீர்ப்பாம்பும் எஞ்சிய நூற்றுக்கணக்கான குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும், அடுத்த ஆண்டு மேட்டிலும் விரால் இருக்காது, ஆழத்திலும் இருக்காது. ஆகவே தூண்டில் போடும் ஒவ்வொருவரும் செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தைக் கண்ட இடத்தில் நரம்பைச் சுற்றிக்கொண்டு வேறிடம் பார்க்க வேண்டும். குத்தகைக்காரர்களும் அதைத் தங்கள் ஏரியின் விதியாக்கிக் கரையில் எழுதி வைக்க வேண்டும்.